ராமநாதபுரம் கடற்கரையில் கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் கார் ஏசி குளிரவில்லை என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது, "கேஸ் ஏத்தணும்." கடைக்குப் போனாலும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. கேஸ் ஏறும், இரண்டு மூன்று மாதம் நன்றாகக் குளிரும், அப்புறம் பழையபடி வெறும் காற்று. இப்படி ஒவ்வொரு கோடையிலும் பணம் கட்டுகிறவர்களுக்கும், புதிதாகக் கார் வாங்கி பானெட்டுக்குள் எது என்னவென்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

ஏசியில் இருக்கும் கேஸ் ஓட ஓடச் செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ரப்பர் ஹோஸ், சீல் வழியாக ஆண்டுக்கணக்கில் மிகக் கொஞ்சம் கசியலாம். ஒரே கோடையில் குளிர் போகும் அளவுக்குக் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றினால், ஏற்றியது அதே வழியில் போய்விடும். தவிர, குளிர் குறைவதற்கு கேஸோடு சம்பந்தமே இல்லாத காரணங்கள் நிறைய உண்டு. அவற்றில் பாதியை நீங்களே வீட்டு வாசலில் நின்று பார்த்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

சுருக்கமாகச் சொல்கிறேன். இஞ்சின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர், கேஸை அழுத்திச் சூடாக்கி முன்பக்கம் அனுப்பும். ரேடியேட்டருக்கு முன்னால் கிரில்லை ஒட்டி நிற்கும் கண்டென்சரில் அந்தச் சூடு வெளிக்காற்றில் இறங்கி, கேஸ் திரவமாகும். அது எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துவாரம் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் பாயும்போது அழுத்தம் சட்டென்று குறைந்து, கொதித்து ஆவியாகும். இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அப்படி ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மறுபடியும் கம்ப்ரசருக்குத் திரும்பும்.

ஆக, உள்ளே எடுத்த வெப்பத்தை வெளியே கொட்டும் இடம் கண்டென்சர். அங்கே கொட்ட முடியாவிட்டால் கேஸ் முழுசாக இருந்தாலும் குளிராது. நம் கடற்கரையில் அதிகம் கெடுவதும் அதுதான்.

நம் ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு தொல்லை

முதல் காரணம் உப்பு. கண்டென்சர் அலுமினியத்தால் ஆனது. அதன் குழாய்களுக்கு இடையில் காகிதத்தைவிட மெல்லிய தகடுகள் மடிப்பு மடிப்பாக இருக்கும். கடல் காற்றில் வரும் உப்பு இந்தத் தகடுகளில் படிந்து, ராத்திரி ஈரத்தில் கரைந்து, அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். அரித்த இடத்தில் வெள்ளையாகப் பொடி பூக்கும். பாம்பன் பகுதியின் உப்புக்காற்று எப்படிப்பட்டது என்பதற்கு, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலமே சாட்சி. அதற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற தனிப் பூச்சும் தேவைப்பட்டன. நம் கார் கண்டென்சருக்கு அப்படி எந்தக் கவசமும் கிடையாது.

இரண்டாவது, காற்றின் ஈரம். ஏசி காற்றைக் குளிர்விப்பதற்கு முன் அதில் இருக்கும் ஈரத்தைத் தண்ணீராக்கிக் கீழே சொட்ட வைக்க வேண்டும். ஒரு லிட்டர் ஈரத்தைத் தண்ணீராக்கவே சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை இழுத்தாக வேண்டும். அதனால்தான் மதுரையின் வறண்ட வெயிலில் ஜில்லென்று அடித்த அதே ஏசி, மண்டபம் தாண்டியதும் கொஞ்சம் சோர்ந்த மாதிரித் தெரியும். அது பழுது இல்லை. காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதும் பழுது இல்லை, நல்ல அறிகுறி.

மூன்றாவது மணல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடி சாலையில் போய்வந்த காரின் கிரில்லைக் கையால் தடவிப் பாருங்கள், தெரியும்.

முதல் படி: கருவியைத் தொடாமல் செய்யும் சோதனை

காரை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் கிடந்த காரில் ஏறிய உடனே ஏசியைக் குறை சொல்லக் கூடாது. நான்கு கதவுகளையும் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு, கண்ணாடிகளை இறக்கியபடி ஒரு நிமிடம் ஓட்டி, பிறகு மூடி ஏசி போட வேண்டும்.

அடுத்து பொத்தான்கள். சூடு-குளிர் திருகி நீலத்தின் கடைசியில் இருக்கிறதா? ஏசி பொத்தானில் விளக்கு எரிகிறதா? உள்காற்றையே சுற்ற வைக்கும் பொத்தான், அதாவது காருக்குள் அம்பு வளைந்து நிற்கும் படம் போட்டது, அழுத்தியிருக்கிறதா? நம் ஊரில் இந்தக் கடைசிப் பொத்தான் மிக முக்கியம். அதை விட்டுவிட்டால் ஏசி ஓயாமல் வெளியிலிருந்து கடல் ஈரத்தை இழுத்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். இதை மட்டும் சரிசெய்து பிரச்சினை தீர்ந்த கார்கள் உண்டு. நீண்ட பயணத்தில் அரை மணிக்கு ஒரு தடவை ஓரிரு நிமிடம் வெளிக்காற்றை விட்டுக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பவர்களுக்குத் தூக்கம் சொக்காது.

இப்போது ஒரு தெர்மாமீட்டர். மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. சமையலுக்கோ மீன்தொட்டிக்கோ விற்கும், குறைந்த வெப்பநிலையைக் காட்டும் ஒன்று போதும். அதன் நுனியை நடு வென்ட்டுக்குள் செருகி, கண்ணாடிகளை மூடி, உள்காற்றுச் சுழற்சியில், ப்ளோவரை இரண்டாம் எண்ணில் வைத்து, பத்து நிமிடம் விடுங்கள். இஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்று இருக்கட்டும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது வென்ட்டில் 8 முதல் 12 டிகிரி வந்தால் நம் கடற்கரைக்கு நல்ல குளிர்தான். 15-க்கு மேல் நின்றால் ஏதோ கோளாறு. இந்த எண்ணைத் தேதியோடு குறித்து வையுங்கள். கடைக்காரரிடம் "குளிர் கம்மி" என்று சொல்வதைவிட "நடு வென்ட்டில் 19 டிகிரி" என்று சொன்னால் பேச்சே வேறு மாதிரிப் போகும்.

இரண்டாம் படி: காற்று வரவில்லையா, குளிர் வரவில்லையா

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல்தான் பல பேர் வீணாகச் செலவு செய்கிறார்கள். காற்று குறைவாக, ஆனால் சில்லென்று வந்தால் கேஸில் குறையில்லை. கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் அதன் பின்னால் இருக்கும், ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவைப்படாது. ராமநாதபுரம் பக்கம் கிடைக்கிற நிழல் பல இடங்களில் சீமைக்கருவேல மரத்தடிதான். அதன் பொடி இலைகள் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் வைப்பர் ஜாலி வழியாக உள்ளே விழுந்து ஃபில்டரில் மெத்தை போலச் சேரும். சில சமயம் எலி கூடு கட்டியிருக்கும். ஜாலியையும் சுத்தம் செய்யுங்கள். புது ஃபில்டர் போடும்போது அதில் உள்ள அம்புக்குறியின் திசையைப் பார்த்துப் போடுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். தூசி நேராகக் கூலிங் காயிலில் போய் அப்பிக்கொண்டால் சில கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வரும்.

புறப்பட்டபோது நன்றாக இருந்து, ஒரு மணி நேர ஓட்டத்தில் காற்று மெல்ல மெல்லக் குறைந்து, வண்டியை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடி நன்றாக வருகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. அடைத்த ஃபில்டர், குறைந்த கேஸ், அல்லது காயிலின் குளிரை அளக்கும் தெர்மிஸ்டர் கெட்டிருப்பது இதற்குக் காரணம். பாதி வழியில் இப்படி ஆனால் ஏசி பொத்தானை மட்டும் அணைத்து ப்ளோவரை ஓட விடுங்கள், ஐஸ் உருகிவிடும்.

காற்று பலமாக வந்தும் குளிர் இல்லை என்றால் பானெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

மூன்றாம் படி: பானெட்டுக்குள்

திறப்பதற்கு முன் டேஷ்போர்டில் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அல்லது எச்சரிக்கை விளக்கைப் பாருங்கள். இஞ்சின் அதிகம் சூடானால் பல கார்கள் தாமாகவே ஏசியை நிறுத்திவிடும். அப்படி இருந்தால் அது ஏசி பிரச்சினை இல்லை, கூலன்ட் பிரச்சினை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. இங்கே பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே அரிப்பும் படிவும் ஏற்படும். கூலன்ட் குறைந்தால் சரியான கூலன்ட்டைத்தான் ஊற்ற வேண்டும்.

வேட்டி, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் இஞ்சின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேன் எந்த நேரமும் திடீரென்று சுழலத் தொடங்கும். ஹைபிரிட், மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொட வேண்டாம், இந்தப் படியை அதற்குரிய சர்வீஸ் சென்டரிடமே விட்டுவிடுங்கள்.

இஞ்சின் ஓடும்போது ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஏசி பொத்தானை அழுத்தட்டும். கம்ப்ரசர் பக்கம் "டக்" என்று கிளட்ச் பிடிக்கும் சத்தம் கேட்டு, புல்லியின் முன்தட்டும் சேர்ந்து சுழல வேண்டும். தட்டு அசையாமல் புல்லி மட்டும் சுற்றினால் கம்ப்ரசர் வேலை செய்யவில்லை. ஃப்யூஸ் பெட்டி மூடியின் உட்பக்கம் எது ஏசியின் ஃப்யூஸ், எது ரிலே என்று படம் இருக்கும். ஃப்யூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் வண்டியே தீப்பிடிக்கலாம். ஃப்யூஸ் மறுபடி போனால் நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள், ஒயரிங்கை எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். இன்னொன்று: கேஸ் ரொம்பக் குறைந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரைத் தடுத்துவிடும். சில புதிய கார்களின் கம்ப்ரசரில் கிளட்ச்சே இருக்காது, அவற்றில் இந்த "டக்" சத்தத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கிளட்ச் பிடித்ததும் முன்பக்க ஃபேனைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அது சுழல வேண்டும். இங்கே ஒரு எளிய கேள்வி பெரிய விஷயத்தைச் சொல்லிவிடும்: ஈசிஆரில் வேகமாகப் போகும்போது குளிர்கிறதா, ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்றால் குளிர் போய்விடுகிறதா? அப்படியானால் கேஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஃபேனையும் கண்டென்சரையும் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று செய்கிற வேலையை நிற்கும்போது ஃபேன்தான் செய்ய வேண்டும். ஃபேன் மோட்டாருக்குள்ளும் அதன் பிளக்கிலும் உப்பு ஏறிப் பச்சை பூத்து நின்றுபோவது இந்தப் பக்கம் சகஜம்.

அப்புறம் குழாய்கள். பத்து நிமிடம் ஓடிய பின், டேஷ்போர்டு பக்கம் போகும் இரண்டு அலுமினியக் குழாய்களில் தடித்தது குளிர்ந்து, மேலே வியர்த்து நிற்க வேண்டும். மெல்லியது சூடாக இருக்கும், அதனால் ஒரு கணம் மட்டும் விரலை வைத்து எடுங்கள். நம் ஊர் ஈரத்தில் தடித்த குழாய் வியர்க்கவே இல்லை என்றால் கேஸ் குறைவாக இருக்கலாம், இல்லையென்றால் கம்ப்ரசர் சரியாக அழுத்தவில்லை. தொடக்கூட முடியாதபடி மெல்லிய குழாய் கொதிக்கிறது என்றால் கண்டென்சர் சூட்டை வெளியேற்றவில்லை.

குழாய் நன்றாக வியர்க்கிறது, ஆனால் இஞ்சின் சூடேறியதும் வென்ட்டில் வெதுவெதுப்பு வருகிறது என்ற நிலையும் உண்டு. ஹீட்டரின் சூடான காற்று குளிர்ந்த காற்றோடு கலக்கிறது. உள்ளே இருக்கும் கலப்புக் கதவோ அதை இழுக்கும் கேபிளோ சிக்கியிருக்கும். இதற்கும் கேஸ் ஏற்றி அனுப்பிய கடைகள் உண்டு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

நான்காம் படி: கண்டென்சரை நேருக்கு நேர் பார்ப்பது

டார்ச் அடித்து கிரில் வழியாகப் பாருங்கள். தகடுகளுக்கு நடுவே மண், பூச்சி, இலை அடைத்திருந்தால் கழுவினாலே பாதிக் குளிர் திரும்பும். இஞ்சின் ஆறிய பிறகு, சாதாரணத் தோட்டக் குழாயின் வேகத்தில், முடிந்தால் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே கொண்டுபோய் அடித்தால் தகடுகள் மடங்கிக் காற்று போகும் வழியே மூடிவிடும். ஆசிட் கலந்த எதையும் ஊற்ற வேண்டாம்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதும் முக்கியம். உப்பை எடுக்க உப்புத் தண்ணீரை அடிப்பதில் பயனில்லை. போர் தண்ணீர் காய்ந்ததும் தன் உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். மழைநீரோ, குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ, கடைசி அலசலுக்கு மட்டுமாவது இரண்டு குடம் நல்ல தண்ணீர் வேண்டும். குடிக்கவே தண்ணீர் சுமக்கும் ஊரில் இப்படிச் சொல்வது தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டென்சருக்கு மட்டும் என்றால் இரண்டு குடம் போதும், கார் முழுதும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லவில்லை.

விரல் பட்டாலே தகடுகள் பொடிப்பொடியாக உதிர்கின்றனவா? அந்தக் கண்டென்சரின் ஆயுள் முடிந்தது. கேஸ் இன்னும் கசியாமல் இருந்தாலும், தகடு இல்லாத குழாயால் சூட்டை வெளியேற்ற முடியாது. கீழ்விளிம்பையும், இரும்பு பிராக்கெட் தொடும் மூலைகளையும் குறிப்பாகப் பாருங்கள், அரிப்பு அதிகம் தொடங்குவது அங்கேதான். குழாய் மேலோ மூட்டுகளிலோ எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால் அதுவே கசியும் இடம். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால் கேஸ் போகிற வழியில் ஆயிலும் கசியும்.

ஐந்தாம் படி: கடையில் என்ன கேட்க வேண்டும்

இதுவரை பார்த்ததில் விடை கிடைக்கவில்லை என்றால் ஏசி மெக்கானிக்தான். கேஸ் லைனை நீங்களே கழற்றாதீர்கள். அழுத்தத்தில் பீறிட்டு வரும் கேஸ் தோலையும் கண்ணையும் உறைய வைத்துப் புண்ணாக்கும்.

கடையில் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி கேஜ் போட்டுக் காட்டுங்க. லீக் எங்கேன்னு பாத்துட்டு அப்புறம் ஏத்தலாம்." நல்ல மெக்கானிக் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேஜ் என்பது லைனில் உள்ள அழுத்தத்தைக் காட்டும் மீட்டர். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அதன் நீலம் (அழுத்தம் குறைந்த லோ சைடு), சிவப்பு (அழுத்தம் கூடிய ஹை சைடு) இரண்டும் ஒரே அளவு காட்டும். ஆர்-134ஏ என்றால் 30 டிகிரி வெயிலில் சுமார் 97 பி.எஸ்.ஐ., 35 டிகிரியில் சுமார் 114. இது மிகவும் குறைந்தால் கேஸ் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. ஆனால் இந்த அளவு சரியாக இருப்பதால் மட்டும் கேஸ் முழுசாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும் வரை இதே எண்தான் வரும். ஓட விட்டுப் பார்த்தால்தான் தெரியும். 35 டிகிரி வெயிலில் லோ சைடு தோராயமாக 30 முதல் 45, ஹை சைடு 200 முதல் 250 என்று நிற்பது பொதுவான அளவு. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் கண்டென்சர் அடைப்பு, ஃபேன் கோளாறு, கேஸ் கூடுதல், உள்ளே காற்று நுழைந்திருப்பது ஆகியவற்றில் ஒன்று. லோ ஏறி ஹை தாழ்ந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது. லோ மட்டும் பூஜ்யத்தை நோக்கி விழுந்தால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ, லைனுக்குள் ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலோ அடைப்பு.

லீக் பார்க்க நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவுவது நம்பகமான வழி. மிக நுண்ணிய கசிவுக்கு, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைக் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு வரச் சொல்வார்கள். கண்டென்சரில் அரித்த ஓட்டையை வெல்டிங் வைத்து அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு இடம் அரித்திருந்தால் பக்கத்து இடமும் மெலிந்துதான் இருக்கும். ஓட்டையைத் தானாக அடைக்கும் என்று விற்கும் திரவங்களையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவை எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துவிடலாம்.

பாகம் மாற்றிய பிறகு வேக்கும் போடுவதில், அதாவது லைனில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி எடுப்பதில், அவசரம் கூடாது. லைனைத் திறந்தால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போகும். கம்ப்ரசர் ஆயில் அந்த ஈரத்தை உறிஞ்சும், நாளடைவில் உள்ளே அமிலம் உண்டாகி எல்லாவற்றையும் அரிக்கும். அதனால் டிரையரையும் மாற்றி, கேஜ் பாதரச அளவில் மைனஸ் 29 அங்குலத்துக்கு இறங்கும்வரை பம்ப்பை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட விட வேண்டும். பிறகு வால்வை மூடிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். முள் ஏறவில்லை என்றால்தான் கேஸ். பத்து நிமிடத்தில் வேக்கும் போட்டுக் கேஸ் விடும் கடையில் நின்று, பணிவாக, ஆனால் உறுதியாக, நேரம் கேளுங்கள்.

கேஸை எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்று பானெட்டின் உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும், சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் குறைவு. கொஞ்சம் கூட ஏற்றினால் கூடக் குளிரும் என்பது தவறு, கூடுதல் கேஸ் குளிரைக் குறைக்கும். என்ன கேஸ் என்பதும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். சில புதிய கார்களுக்கு ஆர்-1234ஒய்எஃப், அதில் ஆர்-134ஏ கலக்கக் கூடாது. மலிவு விலையில் எரியும் வாயு கலந்த கேஸ் வருகிறது என்றால் எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது உங்கள் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு முன்னால் கசியக்கூடிய பொருள்.

கடலோரக் காருக்கான பழக்கங்கள்

அரிச்சல்முனை போய்வந்தால் அன்று மாலையே முன்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் மாதம் இரண்டு முறை கண்டென்சரை அலசலாம். நிறுத்தும்போது கிரில் கடலைப் பார்க்காமல், வீட்டுச் சுவரைப் பார்த்து நிற்கட்டும்.

மீன் பெட்டியோ கருவாடோ ஏற்றிப் போகிறவர்கள் கீழே தார்ப்பாய் விரியுங்கள். உள்காற்றுச் சுழற்சி பல கார்களில் முன்சீட்டுக் காலடியிலிருந்துதான் காற்றை இழுக்கும், அந்த வாடை ஈரமான கூலிங் காயிலில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. வீடு வருவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பே ஏசியை அணைத்து, வெளிக்காற்றில் ப்ளோவரை ஓட விட்டால் காயில் உலரும், பூஞ்சை வாடையும் வராது. காருக்குள் காலடியில் தண்ணீர் தேங்கினால் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. அதைக் குத்திவிட்டால் போதும், கேஸ் மெக்கானிக் தேவையில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பலரும் மாதக்கணக்கில் ஏசியைத் தொடுவதே இல்லை. அந்த நாட்களிலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் போட்டு விடுங்கள். கம்ப்ரசர் சீல்களுக்கு ஆயில் போய்ச் சேர அதுதான் வழி. மழையில் கண்ணாடியில் படியும் ஆவியும் அதே ஏசியில் சீக்கிரம் போய்விடும்.